ஒயின்கப் பூவை அடையாளம் காண்பது எப்படி?

டெக்சாஸ் முதல் நெப்ராஸ்கா வரையிலான அமெரிக்கப் புல்வெளிகளில் இளவேனில் வந்ததும் தரையோடு படர்ந்து, கருஞ்சிவப்புக் கிண்ணம்போல் பூக்கும் செடி ஒயின்கப். தாவரவியல் பெயர் காலிர்ஹோ இன்வாலுக்ரேட்டா. பருத்தி, வெண்டை, செம்பருத்திக்கு உறவு. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். காலையிலேயே போய்விடுங்கள்; சாயங்காலம் பூ மூடிக்கொள்ளும்.

படி 1: முதலில் குடும்பம். இதழ் ஐந்தா? நடுவில் மகரந்தத்தாள்கள் ஒட்டி ஒரே தூணாக நிற்கின்றனவா? இரண்டும் இருந்தால் செம்பருத்திக் குடும்பம்தான். காட்டு ஜெரேனியத்துக்கும் ஐந்து இதழ், கைபோல் பிளந்த இலை உண்டு. ஆனால் அதன் பத்துத் தாள்களும் தூணாகச் சேராமல் நிற்கும். புல்வெளியில் அதிகம் தென்படும் இளஞ்சிவப்பு ஈவ்னிங் பிரிம்ரோஸுக்கு இதழ் நான்குதான்.

படி 2: பூவைத் திருப்புங்கள். பலரும் தவறுவது இங்கேதான். மேலிருந்து மட்டும் படம் எடுத்துவந்தால் எந்த இனம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஐந்து புல்லி இதழ்களுக்குக் கீழே இன்னொரு வரிசையாகக் குறுகலான மூன்று சிறு இலைகள் இருக்க வேண்டும். அதுதான் புறப்புல்லி வட்டம். பருத்திக் காயைச் சுற்றியிருக்கும் மூன்று இலைகளும் இதே உறுப்புதான், அளவில் பெரியவை. நம்மூர்த் துத்தியில் இது கிடையாது. அதே குடும்பம் என்றாலும் எல்லாவற்றிலும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

அந்த மூன்றும் இல்லை, தண்டு நிமிர்ந்து வழவழப்பாக இருக்கிறது, இதழ் விளிம்பு நூல்நூலாகக் கிழிந்திருக்கிறது என்றால் அது ஒயின்கப்பின் நெருங்கிய உறவான காலிர்ஹோ டிஜிட்டேட்டாவாக இருக்கலாம்.

படி 3: தண்டும் இலையும். ஒயின்கப்பின் தண்டில் சொரசொரப்பான ரோமம் இருக்கும். தரையில் ஓடி நுனியில் மட்டும் தலைதூக்கும். இலை ஐந்து முதல் ஏழு விரல்களாக ஆழமாகப் பிளந்திருக்கும். மூன்று சிறு இலைகள் இருந்தும் இலை முக்கோணமாக இருந்தால் அது காலிர்ஹோ ட்ரையாங்குலேட்டா.

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். பெரும்பாலும் இதழின் அடியில் வெள்ளைப் பொட்டு தெரியும். ஆனால் வெயிலில் போன் கேமரா கருஞ்சிவப்பை வெளிறிய ரோஜா நிறமாகக் காட்டிவிடும்; இதே இனத்தில் வெள்ளையாகப் பூக்கும் வகையும் டெக்சாஸில் உண்டு.

சந்தேகம் தீரவில்லை என்று தோண்டாதீர்கள். கீழே கிழங்குபோல் தடித்த ஆணிவேர். அது அறுந்தால் செடி பிழைப்பது கடினம்.