குஜராத்தி தெரியாமலே புருஷோத்தம் உபாத்யாயைக் கேட்பது எப்படி?

குஜராத்திப் பாட்டு என்றாலே நவராத்திரி கர்பாதான் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே ‘சுகம் சங்கீத்’ என்று பெரிய உலகமே இருக்கிறது. நல்ல கவிதையை எடுத்து, ராகத்தை அளவாக வைத்து, ஒரு சொல்கூட அமுங்காமல் பாடும் மெல்லிசை அது. அதில் நுழைய ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றால் நான் புருஷோத்தம் உபாத்யாயைத்தான் சொல்வேன். கேடா மாவட்டத்து உத்தர்சண்டாவில் 1934-இல் பிறந்த இசையமைப்பாளர், பாடகர். 2017-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2024 டிசம்பரில் மும்பையில் காலமானார்.

முதலில் ‘திவஸோ ஜுதாயீனா’ பாட்டைத் தேடுங்கள். பாடியவர் முகமது ரஃபி, மெட்டு உபாத்யாயுடையது, எழுதியவர் சூரத்தில் தையல் தொழில் செய்த கவிஞர் கனி தஹீவாலா. அர்த்தம் பார்க்காமல் ஒருமுறை முழுசாகக் கேட்டுவிடுங்கள்.

அடுத்த முறை ‘சுதீ’ என்ற சொல்லுக்காக மட்டும் காதைத் தீட்டுங்கள். ‘வரை’ என்று அர்த்தம். இது கஜல் என்பதால் முதல் இரண்டு அடியும் அந்தச் சொல்லில் முடியும், அப்புறம் ஒவ்வொரு ஈரடியிலும் இரண்டாவது அடி மட்டும் அதில் முடியும். ஆகவே நடுவில் வரும் அடியில் மெட்டு எங்கே போனாலும் திரும்ப ‘சுதீ’க்கு வந்து சேர்ந்தாக வேண்டும், அந்தக் காத்திருப்பும் வந்து சேரும் நிம்மதியும்தான் இந்தப் பாட்டின் உயிர் என்பேன். மொழி தெரியாதவருக்கும் இது காதில் பிடிபட்டுவிடும்.

அதற்குப் பிறகு அர்த்தத்துக்குப் போங்கள். பிரிவின் நாட்கள் கழிகின்றன, அவை சந்திப்பு வரை கொண்டுபோய் விடும் என்று தொடங்குகிறது. என் கையைப் பிடித்துச் சொந்தங்கள் வரை கூட்டிப்போகப் போவது என் பகைவர்களே என்று ஒரு வரி வருகிறது பாருங்கள், அதை மட்டும் நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள்.

சரி, அடுத்தது உபாத்யாயின் சொந்தக் குரல். மேடைப் பதிவாக இருந்தால் இன்னும் நல்லது. ரஃபியின் குரலில் இருக்கும் வழவழப்பை இங்கே எதிர்பார்க்காதீர்கள், மெட்டுப் போட்டவரே பாடும்போது எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்று பாருங்கள்.

பிடித்துப்போனால் அவருக்கு முந்தைய தலைமுறை இசையமைப்பாளர் அவினாஷ் வியாஸிடம் போகலாம். திலீப் தோலக்கியா 1950-இல் ‘திவாதாண்டி’ படத்துக்காகப் பாடிய ‘தாரீ ஆங்க்னோ அஃபீணீ’யையும் கேளுங்கள், மெட்டு அஜித் மெர்ச்சன்ட். கர்பாவை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.