ஆப்பிரிக்கச் சஃபாரி: கேமராவோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை பிறந்துவிட்டால் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தின் நுழைவாயில்களில் தமிழ்க் குரல்கள் கேட்கத் தொடங்குகின்றன. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் குழுக்களாக வருகிறார்கள். கையில் நல்ல கேமரா, முகத்தில் ஆவல். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் நாள் மாலைக்குள் அவர்களில் பலர், தொடக்கக் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளில் இறங்கிவிடுகிறார்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள், கூடுதல் மெமரி கார்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். நான் எழுத வந்தது வேறு.

ஐந்து பெயர்களைத் துரத்துவது

சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், கேப் எருமை. 'பிக் ஃபைவ்' என்கிற இந்தப் பட்டியல் துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரர்களிடமிருந்து வந்தது. நடந்து சென்று சுடுவதற்குக் கடினமானவை, ஆபத்தானவை எவை என்பதுதான் அவர்களுடைய கணக்கு. படம் எடுக்க வந்தவருக்கு அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. சிவிங்கிப்புலியும் (சீட்டா) ஒட்டகச்சிவிங்கியும் நீர்யானையும் அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

"காண்டாமிருகம் ஒன்றுதான் பாக்கி" என்று ஒரு முழு நாளை மாராவின் பாதைகளில் கரைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போகும் வழியில் தாயின் மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்த சிங்கக் குட்டிகளுக்கு அவர்கள் ஐந்து நிமிடம்கூடத் தரவில்லை. காண்டாமிருகம்தான் வேண்டுமென்றால் அதற்கென்றே ஓரிடத்தைப் பயணத்தில் சேர்த்துவிடுங்கள். நகுரு ஏரிப் பூங்காவில் வெள்ளை, கறுப்பு இரண்டு வகையும் உண்டு. ஓல் பெஜெட்டா காப்பிடத்திலும் உண்டு. உலகில் எஞ்சியிருக்கும் கடைசி இரண்டு வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்களான நாஜினும் ஃபாட்டுவும் இருப்பது அங்கேதான்.

ஓட்டுநரை நெருக்குவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். மற்றத் தவறுகளால் உங்கள் படம் கெடும். இதனால் ஒரு விலங்கின் பிழைப்பே கெடுகிறது.

மாராவில் விதி தெளிவாக இருக்கிறது. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வாகனங்களுக்குமேல் நிற்கக் கூடாது. 25 மீட்டர் இடைவெளி வேண்டும். பாதையை விட்டு இறங்கக் கூடாது. இது தெரியாத ஓட்டுநர் யாரும் அங்கே இல்லை. ஆனால் அவருடைய வருமானத்தில் கணிசமான பகுதி, கடைசி நாளில் நீங்கள் தரும் டிப்ஸ். "இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போங்கள், அந்த வண்டி போயிருக்கிறதே" என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தால் அவரால் எத்தனை முறை மறுக்க முடியும்? வெளிநாட்டவருக்கு ஆண்டின் பிற்பாதியில் ஒரு நாள் நுழைவுக் கட்டணம் 200 டாலர். அதுவும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் செல்லும். இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோமே என்ற பதற்றம் எனக்குப் புரிகிறது. அந்தப் பதற்றத்தை ஓட்டுநரின் தலையில் இறக்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தாலெக் ஆற்றின் பக்கம் ஒரு காலை நேரம். ஒரு தாய்ச் சிவிங்கிப்புலி தன் மூன்று குட்டிகளைப் புதரடியில் விட்டுவிட்டு, தனியாக மேய்ந்துகொண்டிருந்த தாம்சன் மானை நோக்கி வயிறு தரையில் படிய நகர்ந்துகொண்டிருந்தது. சிவிங்கிப்புலியால் முழு வேகத்தில் சில நூறு மீட்டர் மட்டுமே ஓட முடியும். எவ்வளவு நெருங்கிவிட்டுப் பாய்கிறது என்பதில்தான் அதன் அன்றைய உணவு இருக்கிறது. சிங்கத்திடமும் கழுதைப்புலியிடமும் இரையைப் பறிகொடுக்காமல் இருப்பதற்காகவே அது பெரும்பாலும் பகலில் வேட்டையாடுகிறது. நாம் வண்டியில் சுற்றுவதும் அதே பகலில்தான்.

ரேடியோவில் செய்தி பரவி வண்டிகள் வந்து குவிந்தன. நம் ஊர்க் குழு ஒன்று ஏறியிருந்த வேன், பாதையை விட்டிறங்கி மானுக்கும் சிவிங்கிப்புலிக்கும் நடுவில் போய் நின்றது. மான் தலையைத் தூக்கியது. அடுத்த கணம் அங்கே இல்லை. தாய் எழுந்து வேனைப் பார்த்தது, பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டது. நேராகக் கேமராவைப் பார்த்துவிட்டதென்று வேனுக்குள் கைதட்டினார்கள்.

அன்றிரவு முகாமில், அந்தக் குழுவில் ஒருவர் அந்தப் படத்தை என்னிடம் காட்டினார். கூர்மையாகத்தான் வந்திருந்தது. சிவிங்கிப்புலியின் காதுகள் பின்னால் மடங்கியிருந்தன. முதுகுக்குப் பின்னால் இரண்டு வண்டிகளின் சக்கரங்கள். அது எந்த நொடியில் எடுத்த படம் என்பதை அவரிடம் சொன்னேன். அங்கே ஒரு வேட்டை நடந்துகொண்டிருந்தது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒருநாள் பசிதானே என்று நினைக்க வேண்டாம். 2013 முதல் 2017 வரை மாராவின் பெண் சிவிங்கிப்புலிகளைக் கவனித்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. சுற்றுலா வண்டிகள் அதிகம் திரியும் பகுதிகளில், ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகளில் வளர்ந்து தனித்துப் போகும் நிலையை எட்டியவை சராசரியாக 0.2. வண்டிகள் குறைந்த பகுதிகளில் 2.3. பத்து ஈற்றுக்கு இங்கே இரண்டு குட்டி, அங்கே இருபத்து மூன்று. இந்த எண்களைப் படித்த பிறகும் "இன்னும் கொஞ்சம் பக்கத்தில்" என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வரும்?

படத்தை மட்டும் கணக்கில் எடுத்தாலும் நெருக்கம் நஷ்டம்தான். வண்டிக் கூரையைத் திறந்து நின்றால் கேமரா தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கும் மேலே இருக்கும். எட்டு மீட்டர் தொலைவில் உள்ள விலங்கை அங்கிருந்து எடுத்தால் அதன் முதுகும், அதற்குப் பின்னால் வெறும் தரையும்தான் கிடைக்கும். அதே விலங்கை நாற்பது மீட்டரிலிருந்து 400 மி.மீ. லென்ஸில், கூரையை விட்டிறங்கி ஜன்னல் வழியாக எடுத்துப் பாருங்கள். கோணம் ஏறக்குறைய அதன் கண்மட்டத்துக்கு வந்துவிடும். பின்னணியில் சமவெளி நீண்டு கிடக்கும்.

முதல் நாள் காலையிலேயே ஓட்டுநரிடம் பேசிவிடுங்கள். விதியை மீற வேண்டாம், கூட்டம் சேர்ந்தால் விலகிப்போய்விடலாம், எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் டிப்ஸில் மாற்றமில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிறகு, விலங்கு எந்தப் பக்கம் போகும் என்று அவரிடமே கேளுங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி முன்கூட்டியே தள்ளி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். இதை மனமுவந்து செய்யும் ஓட்டுநர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அப்படிக் கேட்கிற பயணிகள்தான் குறைவு. பணம் இடம்கொடுத்தால், காப்பகத்தை ஒட்டியுள்ள நபோய்ஷோ, ஒலாரே மோட்டோரோகி போன்ற சமூகக் காப்பிடங்களில் இரண்டு இரவாவது தங்குங்கள். நிலம் மசாய் குடும்பங்களுடையது. அவர்களுக்குக் குத்தகைப் பணம் போகிறது. தங்குபவர்களின் எண்ணிக்கைக்கே வரம்பு இருப்பதால் வண்டிகளும் குறைவு.

முக்காலி (ட்ரைபாட்)

வேண்டாம். லென்ஸைத் தாங்க வைக்கும் பீன் பேக் பையைக் காலியாகக் கொண்டுபோய் நைரோபியில் அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஓடும் வண்டியில் லென்ஸ் மாற்றுவது

மாற்றாதீர்கள். அந்தத் தூசி சென்சாரைச் சும்மா விடாது.

வெயில் ஏறிய பிறகு தொலைவில் இருப்பதை எடுப்பது

பத்து மணிக்குமேல் தரை சூடேறிக் கானல் எழும்பிவிடும். 600 மி.மீ. லென்ஸில் 200 மீட்டருக்கு அப்பால் இருக்கும் சிங்கத்தை எடுத்துவிட்டு, படம் குழைந்து வந்ததற்கு லென்ஸைக் குறை சொல்கிறார்கள். எத்தனை விலை உயர்ந்த லென்ஸானாலும் கானலைத் தாண்டிக் கூர்மை தராது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். இல்லையென்றால் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

கென்யாவின் அம்போசெலி பூங்காவுக்கு நண்பகலில் போய்ச் சேருவது

கிளிமஞ்சாரோவைப் பின்னால் வைத்து யானைக் கூட்டத்தை எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் கனவு. 5,895 மீட்டர் உயரமுள்ள அந்த மலை பெரும்பாலும் விடியலிலும் மாலையிலும்தான் முகம் காட்டும். நடுப்பகலில் மேகம் மூடிக்கொள்ளும். நைரோபியிலிருந்து கிளம்பி மதியம் வந்து, மறுநாள் காலை உணவு முடித்துத் திரும்பும் பயணத் திட்டத்தில் ஒரேயொரு விடியல்தான் கிடைக்கும். அன்று மேகம் இருந்தால் அவ்வளவுதான். இரண்டு இரவுகளாவது தங்குங்கள்.

யானைகள் காலையில் வறண்ட நிலத்திலிருந்து சதுப்புகளுக்கு வரும், மாலையில் திரும்பும். மலையில் பெய்யும் நீர் நிலத்தடியில் ஓடிவந்து ஊறும் சதுப்புகள் அவை. வண்டிப் பாதையை யானைகள் எங்கே கடக்கும் என்று வழிகாட்டிகளுக்குத் தெரியும். அங்கிருந்து நன்றாகத் தள்ளி நில்லுங்கள். கடக்கும் இடத்திலேயே வண்டியை நிறுத்தினால் குட்டிகளோடு வரும் மூத்த பெண் யானை நின்றுவிடும். காதுகளை அகல விரித்துத் தலையை உதறினால், வழி விடு என்று பொருள். உடனே விட்டுவிடுங்கள்.

கருநீல, கறுப்பு உடைகள்

கடிக்கும் செட்சீ ஈக்களுக்குப் பிடித்த நிறங்கள். தான்சானியாவின் தரங்கிரே பூங்காவுக்குப் போகும்போது கட்டாயம் தவிர்த்துவிடுங்கள்.

சக்கரம் வைத்த பெரிய பெட்டி

நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் சிறு விமானங்களில் ஒருவருக்கு 15 கிலோதான், அதுவும் வளைந்துகொடுக்கும் துணிப்பையில். கேமராப் பையும் அந்த எடையில் சேர்த்திதான். துணிகளைக் குறையுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது

ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். கென்யாவிலிருந்து அது இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்தப்படுவீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். விமான டிக்கெட் எடுத்த வாரமே போய்ப் போட்டுக்கொண்டு, சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள். ஒருமுறை போட்டால் அது ஆயுளுக்கும் செல்லும்.