ரோமானியக் கோயில்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய ரோமானியரின் சமயத்தைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சொல்லிலேயே சறுக்கிவிடுகிறார்கள். லத்தீனில் ‘டெம்ப்லம்’ என்று கண்டதும் ‘கோயில்’ என்று எழுதிவிடுகிறார்கள். டெம்ப்லம் என்பது கட்டடத்தைக் குறிக்கும் சொல்லே அல்ல. பறவை பறக்கும் திசையை வைத்துக் குறி பார்க்கும் ‘ஆகுர்’ என்ற பூசாரி எல்லை வகுத்துக் கொடுத்த இடம் அது. செனட் சபை கூடிய கியூரியா மண்டபம் ஒரு டெம்ப்லம். அடுப்புத் தெய்வமான வெஸ்டாவின் அணையா நெருப்பு எரிந்த வட்டக் கட்டடம் டெம்ப்லம் அல்ல. தெய்வத்துக்கென்று எழுப்பிய கட்டடத்தை அவர்கள் ‘ஐடெஸ்’ என்றார்கள். வீடு என்று பொருள். எந்தச் சொல் எங்கே வருகிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கோயில் என்றே பெயர்த்தால், பாதி விஷயம் அங்கேயே தொலைந்துபோகும்.

அடுத்தது, வழிபாட்டைத் தேடி நேரே உள்ளே போய்விடுவது. வழிபாட்டின் உயிர் வெளியே இருந்தது. பலி நடந்த பீடம் கட்டடத்துக்கு முன்னால், திறந்தவெளியில்தான் நின்றது. எரிமலையில் புதைந்த பொம்பேயி நகரில், பேரரசர் வெஸ்பாசியன் பெயரால் வெஸ்பாசியன் கோயில் என்று அழைக்கப்படும் இடத்தின் முற்றத்தில் ஒரு பளிங்குப் பீடம் இருக்கிறது. அதன் முகப்புச் சிற்பத்தை நிதானமாகப் பாருங்கள். பூசாரி தன் மேலாடையான டோகாவின் ஓரத்தை இழுத்துத் தலையை மூடியபடி முக்காலியின் மேல் படையலை ஊற்றுகிறார். கோடரி வைத்திருக்கும் பணியாளன் காளையை நடத்தி வருகிறான். ஒருவன் குழல் ஊதுகிறான். அது வெறும் மங்கல இசை அல்ல. பிரார்த்தனை வேளையில் அபசகுனமான ஒலி எதுவும் காதில் விழாமல் இருக்கவே குழல். இவர்களுக்கெல்லாம் பின்னால், பின்னணியாகத்தான் கோயில் தெரிகிறது. நாம் எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதை அந்தச் சிற்பியே செதுக்கிக் காட்டியிருக்கிறான்.

கட்டடத்தின் உள்பக்கம் வேறு காரியங்களுக்கும் பயன்பட்டது. வேளாண்மைத் தெய்வமான சாட்டர்னின் கோயிலில்தான் அரசுக் கருவூலம் இருந்தது. கி.மு. 63 டிசம்பரில், ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கட்டிலினாவின் கூட்டாளிகளை என்ன செய்வது என்று செனட் விவாதித்தது, ஒற்றுமைத் தெய்வமான கொன்கார்டியாவின் கோயிலில்.

“அவர்கள் உண்மையிலேயே நம்பினார்களா?” என்ற கேள்வியிலேயே சிக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. எல்லோரும் ஏற்க வேண்டிய வேதநூலோ விசுவாச அறிக்கையோ அவர்களிடம் இல்லை. சடங்கைப் பிழையின்றிச் செய்வதே முக்கியம். பிழை நேர்ந்தால் முதலிலிருந்து மறுபடி செய்தார்கள். அதனால் பக்தியே இல்லை என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம். பொம்பேயி வீடுகளின் சமையலறைச் சுவர்களில் வீட்டுக் காவல் தெய்வங்களான லாரேஸும், கீழே பாம்பும் வரையப்பட்டிருக்கின்றன. பெரிய தூண்களை மட்டும் படிப்பவர் கண்ணில் இந்தச் சுவர் படுவதே இல்லை.

கல்வெட்டை அப்படியே நம்புவதும் ஆபத்துதான். ரோமிலுள்ள பாந்தியன் கோயிலின் முகப்பில், கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவியில் மூன்றாம் முறை இருந்த அக்ரிப்பா கட்டியதாகப் பொறித்திருக்கிறது, அது கி.மு. 27. ஆனால் இன்று நிற்கும் கட்டடம் ஏறக்குறைய 150 ஆண்டு பிந்தியது. செங்கற்களில் பதித்த முத்திரைகள்தான் பேரரசர் ஹாட்ரியன் காலத்தைக் காட்டிக்கொடுத்தன. பழைய பெயர்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ரோமில் டைபர் ஆற்றங்கரையிலுள்ள வட்டக் கோயில் வெகுகாலம் வெஸ்டா கோயில் என்றே வழங்கியது, வட்டமாக இருந்ததால். இன்று அதை ஹெர்குலிஸ் கோயிலாகக் கொள்கிறார்கள்.

நமக்கு நெருக்கமான தவறு ஒன்று உண்டு. சேர நாட்டுத் துறைமுகமான முசிறியில் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸுக்கான கோயில் இருந்தது என்று உறுதியாக எழுதிவிடுகிறோம். அதற்கு ஆதாரம், வியன்னாவில் உள்ள பொய்ட்டிங்கர் வரைபடம் என்ற ரோமானியச் சாலை வரைபடத்தில் முசிறிக்குப் பக்கத்தில் வரைந்த ஒரு சிறு கட்டடமும் அதன் பெயரும். அந்தத் தோல் சுருளோ இடைக்காலத்துப் பிரதி. முசிறி என்று கருதப்படும் கேரளத்துப் ‘பட்டணம்’ என்ற ஊரின் அகழாய்வில் ரோமானியச் சாடிகள் கிடைத்தன. அந்தக் கோயில் கிடைக்கவில்லை. ஆகவே ‘இருந்தது’ என்று எழுதாமல் ‘வரைபடம் காட்டுகிறது’ என்று எழுதுங்கள்.