பணிக் கைத்துப்பாக்கியைச் சோதித்து வாங்கும் முறை

பெங்களூரு அல்சூரில் மையம் கொண்டுள்ள, இந்திய ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் போன்ற படைப்பிரிவுகளில் பணியேற்கும் தமிழர்கள், நெடுங்காலமாக வழங்கப்பட்டுவரும் 9 மி.மீ. 1ஏ பிஸ்டலை ஆயுதக் கிடங்கில் வாங்கும்போது, அது காலியாக இருப்பதாகக் கொடுப்பவர் சொன்னாலும் தாமே சோதித்துப் பார்க்க வேண்டும். குழல்முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விரலை விசையில் படாமல் நிறுத்தி, 13 தோட்டாக்கள் கொள்ளும் மேகசினை முதலில் கழற்றுங்கள். அதன் பிறகே குழலின் மேல் நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னிழுத்து, சுடுவதற்கான தோட்டா அமரும் அறையைப் பாருங்கள். வரிசை மாறினால், வெளியேறிய தோட்டாவின் இடத்தில் அடுத்தது ஏறிவிடும். மேகசின் இல்லாதபோது இதன் விசை இயங்காது என்றாலும், அந்த ஏற்பாட்டை நம்பிச் சோதனையைத் தவிர்ப்பது மடமை.

திரைப்படங்கள் எப்படிக் காட்டினாலும், இந்தப் பிஸ்டல் ரைஃபிளுக்கு மாற்றன்று; ரைஃபிளை நீட்ட இடமில்லாத வாகனத்திற்குள்ளும், அது செயலிழந்த நொடியிலும், ஏறத்தாழ 50 மீட்டருக்குள் உதவும் துணை ஆயுதமே.