சின்ன வீட்டு மொட்டை மாடியில் சோலார்: மானியம் சிக்கலில்லாமல் கைக்கு வர

முதலில் ஒரு வருட கரண்ட் பில்லை எடுத்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்குப் பில்லே கிடையாது. அங்கே சோலார் வேண்டாம். 300 யூனிட்டைத் தாண்டினால்தான் கட்டுபடியாகும்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு (பி.எம். சூர்ய கர்) திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 மானியம். ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டியது போன்ற வீட்டில் கான்கிரீட் கூரை 300 சதுர அடிதான். 540 வாட் பேனல் நான்கு வைத்தால் பேனலுக்கே 110 சதுர அடி, நடக்க வழியும் கைப்பிடிச் சுவர் நிழலும் சேர்த்தால் 200. அதனால் 2 கிலோவாட்டோடு நிறுத்துங்கள். பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரும் 2 கிலோவாட்டுக்குக் குறையக் கூடாது. பேனல், இன்வெர்ட்டர் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம்.

பலருக்குச் சிக்கல் வருவது பெயரில். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், முதலில் மின்வாரியத்தில் பெயர் மாற்றம் செய்யுங்கள். பிறகு இந்தத் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு, விண்ணப்பம். 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். உள்ளே இருக்கும் சோலார் செல் முதல் எல்லாம் உள்நாட்டில் தயாரான பேனலுக்கு மட்டுமே மானியம் உண்டு. விலை குறைவென்று வேறு பேனலை மாட்டினால் மொத்தமும் போச்சு. பேனல்களின் வரிசை எண்கள் அடங்கிய சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

வாரியத்திலிருந்து வரும் மின்சாரத்தையும் நீங்கள் அனுப்பும் மின்சாரத்தையும் அளக்கும் நெட் மீட்டர் பொருத்தி, வாரியம் பார்வையிட்டு, இயக்கச் சான்று வந்த பிறகே வங்கிக் கணக்கு விவரத்தைப் பதிவேற்ற முடியும். மானியம் நேராக உங்கள் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையும் உங்கள் கையிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோதான் போக வேண்டும்.

பேனலைத் தெற்கு பார்த்து 12 டிகிரி சாய்வில் வையுங்கள். நம் அட்சரேகைக்கு அது போதும். பக்கத்து மாமரக் கிளை ஒரு பேனலில் நிழல் விழுத்தினாலும் வரிசை முழுவதின் உற்பத்தியும் சரியும். பேனல் சட்டம், இன்வெர்ட்டர், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி கேளுங்கள்.

கரண்ட் போனால் இந்த அமைப்பும் நின்றுவிடும். பேனல் மின்சாரம் லைனுக்குள் போகாமல், அங்கே வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே அப்படி.

கிரானைட் தூள் படியும் ஊர்களில் 15 நாளுக்கு ஒருமுறை, விடிகாலையில் கழுவுங்கள். போர் தண்ணீர் காய்ந்தால் உப்புக் கறை படியும். மழைநீரோ ஒகேனக்கல் குடிநீரோ ஒரு குடம் போதும், மெல்லிய துணியால் துடைத்துவிடலாம்.