ஊர்ல ஒரு மாதப் பத்திரிகை ஆரம்பிக்கணுமா? பதிவு பண்றது இப்படித்தான்

மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கம் நாலு பேரு சேர்ந்தா உடனே "ஒரு பத்திரிகை போடுவோம்"னு ஆரம்பிச்சு, அடுத்த வாரமே பிரஸ்ஸுக்குப் போய் அட்வான்ஸ் குடுத்துருவாங்க, அத மட்டும் செய்யாதீங்க மக்கா, பேரு கிடைச்சு பதிவு முடிஞ்ச பிறகுதான் அச்சு.

முதல்ல, பதிவு தேவையான்னு பாருங்க. குறிப்பிட்ட இடைவெளியில அச்சடிச்சு வருது, அதுல பொதுச்செய்தியோ செய்திய பத்தின கருத்தோ இருக்குன்னா தேவை. ஒரு தடவ மட்டும் போடுற கோயில் கொடை மலரு, புத்தகம், ஆராய்ச்சி ஜர்னல் இதுக்கெல்லாம் வேண்டாம். பின்னட்டையில "தனிச்சுற்றுக்கு மட்டும்"னு போட்டா போதும்னு நெறைய பேரு நினைக்காங்க, மாசாமாசம் செய்தி போட்டு கடையில விக்கிறீங்கன்னா அந்த வரிய நம்பி இருக்காதீங்க.

பத்திரிகைப் பதிவுக்கு இருந்த பழைய 1867 சட்டம் இப்போ இல்ல. 2023ல வந்த புதுச் சட்டம் 2024 மார்ச் 1லருந்து நடைமுறையில இருக்கு. பத்திரிகைகள பதியுற மத்திய அரசு ஆபீஸான ஆர்என்ஐ இப்போ பேரு மாறி பிஆர்ஜிஐ ஆயிட்டு. முன்ன மாதிரி கலெக்டர் ஆபீஸ்ல போய் நின்னு டிக்ளரேஷன் (உறுதிமொழி) குடுக்குற வேலையெல்லாம் இல்ல, எல்லாம் பிரஸ் சேவா போர்ட்டல்ங்கிற அரசு இணையதளத்துல ஆன்லைன்லயே முடியும்.

அடுத்தது பேரு, இதுலதான் பாதி பேரு மாட்டுறாங்க. குமரி, முக்கடல், தென்முனைன்னு உங்களுக்குத் தோணுற முதல் பேரு முன்னாடியே வேற யாருக்காவது தோணியிருக்கும். இந்தியாவுல எங்க இருந்தாலும் தமிழ்ல அதே பேரோ அத மாதிரியோ வேற ஒருத்தர்கிட்ட இருக்கக்கூடாது, தமிழ்நாட்டுக்குள்ளன்னா எந்த மொழியிலயும் இருக்கக்கூடாது. அதனால திருவனந்தபுரத்துல ஒரு தமிழ்ப் பத்திரிகை இருந்தா அது உங்களுக்குத் தடை, நாகர்கோவில்ல இங்கிலீஷ் பத்திரிகை இருந்தாலும் தடை. போர்ட்டல்லயே தேடிப் பாத்துட்டு, ரெண்டு மூணு பேர கையில வச்சுக்கிடுங்க. ஊர்ப் பேரோட கொஞ்சம் வித்தியாசமான ஒரு வார்த்தைய சேர்த்தா கிடைக்க வாய்ப்பு ஜாஸ்தி.

பிறகு விண்ணப்பம். வெளியிடுபவர்தான் போடணும். பேருக்கும் பதிவுக்கும் ஒரே நேரத்துல போட்டுரலாம். ஓனரு யாரு, ஆசிரியர் யாரு, எந்த பிரஸ்ல அடிக்கீங்க எல்லாம் கேப்பாங்க. சிவகாசியிலயோ உள்ளூர்லயோ எங்க அடிச்சாலும், அந்த பிரஸ்காரரு தன் பிரஸ்ஸ பத்தி ஆன்லைன்ல தகவல் குடுத்துட்டாரான்னு முன்னாடியே கேட்டுக்கிடுங்க.

நீங்க போட்ட விண்ணப்பம் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸுக்கும் போகும். அவங்க கருத்து சொல்ல 60 நாள் டைம். அதுக்குள்ள பதில் வரலன்னா பிஆர்ஜிஐயே முடிவு எடுக்கலாம், அதனால தினமும் போய் அலைய வேண்டியதில்ல.

சர்டிபிகேட் வந்தாச்சா, இப்போ அச்சடிங்க. ஒவ்வொரு இதழ்லயும் கீழ சின்ன எழுத்துல "ஆசிரியர், வெளியிடுபவர், அச்சிடுபவர், உரிமையாளர்"னு பேரு, அச்சிட்ட இடம், வெளியிட்ட இடம் வரணும். லே அவுட் பண்ற பையன் இடம் பத்தலன்னு மொத வெட்டுறது இந்த வரியத்தான், கவனமா பாத்துக்கிடுங்க! பிஆர்ஜிஐக்கு வருஷத்துக்கு ஒரு தடவ குடுக்குற வருஷாந்திர அறிக்கையையும் மறக்காதீங்க, முதல் தடவ விட்டாலே 20,000 ரூபாய் வரைக்கும் அபராதம். பதிவே இல்லாம போட்டா 5 லட்சம் வரைக்கும். நிறுத்துன்னு உத்தரவு வந்தும் ஆறு மாசத்துக்குள்ள நிறுத்தலன்னா ஜெயிலும் உண்டு.

யூடியூப் சேனலுக்கு இந்தப் பதிவு இல்ல, ஆனா செய்தி சேனல்னா 2021ல வந்த ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகள் பொருந்தும். கேபிள் டிவி நடத்தணும்னா பிராட்காஸ்ட் சேவா போர்ட்டல் வழியா தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துல பதியணும். கடற்கரை ஊர்ல சமுதாய ரேடியோ வைக்க ஆசைன்னா, உங்க சங்கம் பதிவாகி மூணு வருஷமாவது ஆகியிருக்கணும், சொந்தமா செய்தி வாசிக்க முடியாது, ஆல் இந்தியா ரேடியோ செய்திய அப்படியே போட்டுக்கிடலாம்.