டேபிளில் சேர்த்த நெடுவரிசை வியூவில் வரவில்லையா?

மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வரில் 'செலக்ட் *' (எல்லா நெடுவரிசைகளையும் எடு) போட்டு வியூ (டேபிள் போலப் பயன்படும், சேமித்து வைத்த வினவல்) உருவாக்கினால், அந்த நேரத்தில் டேபிளில் இருந்த நெடுவரிசைகள் மட்டுமே வியூவோடு பதிவாகும். பிறகு சேர்ப்பது அதற்குத் தெரியாது. இதுகூடப் பரவாயில்லை. பெயர், ஊர், தொலைபேசி என 3 நெடுவரிசைகள் உள்ள டேபிளில் 'ஊர்' என்பதை நீக்கிவிட்டு, கடைசியில் 'மின்னஞ்சல்' சேர்த்துப் பாருங்கள். வியூவில் 'ஊர்' தலைப்பின் கீழ் தொலைபேசி எண்ணும், 'தொலைபேசி'யின் கீழ் மின்னஞ்சலும் வரும். பிழைச்செய்தியே வராது என்பதுதான் வம்பு.

'எஸ்பி_ரிஃப்ரெஷ்வியூ' என்ற புரொசீஜரை (சர்வரிலேயே உள்ள தயார் நிரல்) வியூவின் பெயர் கொடுத்து ஓடவிட்டால் சரியாகிவிடும். வியூவுக்கு மேல் வியூ இருந்தால் அடியில் உள்ளதை முதலில் புதுப்பிக்க வேண்டும்.

நிரந்தரமாகத் தப்பிக்க, நட்சத்திரக் குறியை விட்டுவிட்டு நெடுவரிசைப் பெயர்களை எழுதி, 'வித் ஸ்கீமாபைண்டிங்' சேர்த்து உருவாக்குங்கள். வியூ பயன்படுத்தும் நெடுவரிசையை யார் நீக்கவோ மாற்றியமைக்கவோ முயன்றாலும் சர்வரே தடுத்துவிடும். டேபிள் பெயருக்கு முன் ஸ்கீமா பெயரும் (டேபிள் இருக்கும் தொகுப்பின் பெயர், டிபிஓ போல) இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஏற்காது.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் இதில் கறார்: வியூ சார்ந்திருக்கும் நெடுவரிசையை நீக்கவே விடாது. அவசரப்பட்டு 'கேஸ்கேட்' (சார்ந்தவற்றையும் சேர்த்து நீக்கு) போட்டால் வியூவும் சேர்ந்தே போய்விடும்.